பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை விடுதிப் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பத்தாம் வகுப்பில் 462 மதிப்பெண் எடுத்திருக்கிறான். ஊர்ப் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடுகிறது. அரசு மேல்நிலைப் பள்ளி 9 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பாதிக் கட்டணத்தில் சேர்த்துவிடுகிறேன், பன்னிரண்டாவதில் 600க்கு 570க்கு மேல் வாங்க வைத்துவிடுவார்கள், நல்ல இன்ஜினியரிங் காலேஜ் உறுதி என்கிறார். பத்தாவது வரை அரசுப் பள்ளி என்பதால், கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடைக்குமாம். மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்கிறார். இவனுடைய தலைமை ஆசிரியர், தப்பாகப் போட்ட கணக்கையெல்லாம் தனி நோட்டில் எழுதி, ஏன் தப்பானது என்று பக்கத்திலேயே குறிக்கச் சொல்வார். இந்தப் பழக்கமெல்லாம் காலேஜில் உதவுமா, மார்க்தான் உதவுமா என்று வீட்டில் தினமும் பேச்சு. (தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, ஒதுக்கீட்டைப் பற்றி அவர் சொன்னது பொய். 7.5 சதவீதம் வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போனால், அதற்கு முன் அரசுப் பள்ளியில் படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த இந்த ஒதுக்கீடு 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. கலந்தாய்வில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இதுபோக, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் உண்டு. இதையெல்லாம் கைகழுவிவிட்டுப் ‘பாதிக் கட்டணம்’ கட்டச் சொல்கிறார் உங்களுக்குத் தெரிந்தவர்.

இன்னொரு குழியும் இருக்கிறது. பக்கத்து டவுனில் அரசு உதவி பெறும் பள்ளி இருந்தால், ‘அதுவும் அரசுப் பள்ளி மாதிரிதான்’ என்பார்கள். 7.5 சதவீதத்துக்கு அது செல்லாது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறதே என்று வாதாடிப் பயனில்லை. அங்கே படிப்பதும் ஏழைப் பிள்ளைகள்தான், அவர்களை ஏன் வெளியே நிறுத்த வேண்டும் என்று எனக்கும் கோபம்தான். ஆனால் விதி அப்படி இருக்கிறது.

இங்கே ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு அது பொருந்தாது, ஆனால் உங்கள் தெருவிலேயே யாருக்காவது பொருந்தலாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டு. அந்த 25 சதவீதத்தில் சேர்ந்து எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்த பிள்ளை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. எட்டாவதோடு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடும். ஒன்பதாவதில் பள்ளி முழுக் கட்டணம் கேட்கும். அந்த நேரத்தில் நிறைய பெற்றோர் கடன் வாங்கி அதே பள்ளியிலேயே பிள்ளையைத் தொடரவிடுகிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போனாலும் சலுகை போய்விட்டது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போகவில்லை. அந்த இடத்தில்தான் படித்தான் என்பதற்குத் தனியார் பள்ளியிடம் எழுத்தில் சான்று வாங்கி வைக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது. ஒன்பதாவதிலேயே மாற வேண்டும். பத்தாவதில் மாறினால் பிரயோஜனம் இல்லை.

சரி, மார்க்கா பழக்கமா என்ற கேள்விக்கு வருகிறேன். 26 வருடம் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தியவன் நான். பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு என்ன கொடுத்து அனுப்பியிருக்கிறது என்பது முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும்.

570 என்பது பள்ளியின் பேனருக்கு உதவுகிற எண். பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200க்குத்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கிய மார்க் அதில் சேராது. அந்த 200இல் 190க்கு மேல் வாங்கிவிட்டு முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்த பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடமே நடத்தாமல், இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைத்த பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் மூன்றும் தொடங்குவது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில். கல்லூரியில் நாங்கள் அவை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். நீட், ஜேஇஇ கேள்விகளும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன.

இந்த மோசடியை நிறுத்தத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்றார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது சுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பார்கள்? எனக்கு இதில் ஆறவே இல்லை.

அந்த அரியர் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தேன். கணக்கு வராதபோது அவர்கள் எழுந்து கேட்கவே மாட்டார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பத்து வரை டெஸ்ட் மேல் டெஸ்ட் வைத்து, தப்புக்கு இம்போசிஷன் எழுத வைத்த இடத்திலிருந்து வந்தவர்களுக்குத் தப்பு என்றாலே தண்டனைதான். அதனால் மறைப்பார்கள். பக்கத்துப் பையனின் அசைன்மென்டைப் பார்த்து எழுதுவார்கள், ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குவார்கள். பள்ளியிலேயே தேர்வு அறையில் யாரோ விடை சொல்லிக்கொடுத்ததைப் பார்த்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நாலாம் வருடம் புராஜெக்ட்டைக் கடையில் வாங்குவதற்கு அவனுக்குக் கை கூசாது. கேம்பஸ் இன்டர்வியூவில் அந்த புராஜெக்ட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அங்கே உட்கார்ந்து விழித்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் மகனின் தப்பு நோட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. தன் தப்பைத் தானே எழுதி, காரணத்தையும் எழுதுகிற பையன் கல்லூரியில் தடுமாறினாலும் எழுந்துவிடுவான். தமிழ் வழியிலிருந்து வருவதால் முதல் செமஸ்டர் ஆங்கிலத்தில் திணறுவான், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். முதல் இன்டர்னல் மார்க்கைப் பார்த்துக் கலங்காதீர்கள். அப்படி வந்த பிள்ளைகள் மூன்றாவது செமஸ்டரில் வகுப்பில் முன்னால் போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன இடத்திலும், ‘சார், இது எனக்குப் புரியவில்லை’ என்று மேலதிகாரியிடம் சொல்லத் தெரிந்தவனிடம்தான் அடுத்த பொறுப்பைக் கொடுக்கிறார்கள்.

விடுதிப் பள்ளிகள் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரகர் மூலம் பிள்ளை பிடிக்கிற பள்ளி எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் போகிறது. பாதிக் கட்டணம் என்பது டியூஷன் ஃபீஸுக்கு மட்டும் இருக்கும். விடுதி, மெட்டீரியல், ஸ்பெஷல் கோச்சிங் என்று மற்றதெல்லாம் தனித்தனியாக வரும், பாதிக்கு ரசீதே இருக்காது. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இலேயே சட்டம் வந்து, அதன்படி குழு ஒன்று கட்டணம் நிர்ணயிக்கிறது. எத்தனை பெற்றோர் அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்? கேட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

ஆகவே மகனை அந்த 9 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேருங்கள். பஸ் பாஸ் இலவசம், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் தருவார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க வேண்டாம். நேரில் போய், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று காலியிடமாக இருக்கலாம். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது: ஒதுக்கீடு கொடுக்கத் தெரிந்த அரசுக்கு ஆசிரியரைக் காலத்தில் போடத் தெரியவில்லை. காலியிடம் இருந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஆள் போடுவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தூரம் போனாலும் வேறு அரசுப் பள்ளி பாருங்கள். எந்தப் பள்ளியானாலும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் முழுக்க நடக்கிறதா என்று மகனிடம் மாதம் ஒருமுறை கேளுங்கள். தப்பு நோட்டை அவன் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதுப் பள்ளியில் யாரும் கேட்காவிட்டாலும்.

டிசி வாங்கப் போகும்போதே, ஆறு முதல் பத்து வரை அங்கே படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் தனியாக ஒரு சான்று எழுதி வாங்கிவிடுங்கள். அவர் மாறுதலாகிப் போன பிறகு அலைய வேண்டாம்.

மார்க் ஷீட் ஒரிஜினலை அந்த மனிதரிடம் கொடுக்காதீர்கள். அது ஒருமுறை அவர் கைக்குப் போய்விட்டால், பிறகு மகன் எங்கே படிப்பான் என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள். தனியாகப் போக வேண்டாம், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.