சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாதீர்கள்

கேள்வி: நாங்கள் மேலூர் பக்கத்துக் கிராமம், பட்டியல் சாதியினர். போன வாரம் என் தம்பி வேறு சாதிக்காரர்கள் தெரு வழியாக பைக்கில் வந்ததற்காக, டீக்கடை முன்னால் மூன்று பேர் மறித்து, சாதியைச் சொல்லித் திட்டி, இரும்புக் கம்பியால் அடித்தார்கள். கை எலும்பு முறிந்துவிட்டது. பயத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் ‘வண்டியிலிருந்து விழுந்தான்’ என்று சொல்லிவிட்டோம். மறுநாள் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்து, ‘ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தரப்பும் வாங்க, பேசி முடிச்சுக்கலாம்’ என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களும் வைத்தியச் செலவை வாங்கிக்கொண்டு விட்டுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்குப் போகாதீர்கள். வைத்தியச் செலவு என்று எதையும் வாங்காதீர்கள், எந்தத் தாளிலும் தம்பியைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். வன்கொடுமை வழக்கை ஸ்டேஷனிலோ ஊர்க்கூட்டத்திலோ பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. பிறகு ஏன் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றால், நாளைக்கு வழக்கு பதிவானாலும் அந்தச் சமரசத் தாளைக் காட்டி, அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம்.

உங்கள் கையில் இருக்கும் சி.எஸ்.ஆர்., மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு, நிவாரணம் எல்லாம்.

முதல் வேலை ஆஸ்பத்திரி. இன்றே தம்பியை மேலூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போங்கள். எக்ஸ்ரே, பழைய சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். எத்தனை பேர், எதனால், எங்கே, எப்போது அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். முதலில் பயத்தில் மாற்றிச் சொன்னதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புகாரிலும் அதைக் காரணத்தோடு நீங்களே எழுதிவிட வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்தத் தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டாகத்தான் இருக்கும்.

அடுத்து, புகாரைத் திருத்தமாக மறுபடி எழுதுங்கள். பல வழக்குகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. ‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. காது கூசினாலும், சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுங்கள். யார் எதைச் சொன்னார் என்று ஒவ்வொருவர் பெயரோடும் எழுதுங்கள். உங்கள் சாதி, அவர்கள் சாதி இரண்டும் புகாரில் இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தை அவர்களுக்கு எத்தனை காலமாகத் தெரியும் என்று ஒரு வரி சேருங்கள். தெரிந்தவர்கள் என்று நிறுவிவிட்டால், உங்கள் சாதியும் அவர்களுக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றம், பொதுமக்கள் பார்க்கும்படியான இடத்தில் நடந்திருக்க வேண்டும். டீக்கடை வாசல் அதற்குப் பொருந்தும். ஆனால் அப்போது அங்கே நின்ற, உறவுக்காரர் அல்லாத ஒருவர் பெயராவது புகாரில் வேண்டும். அக்கம்பக்கத்தில் கேமரா இருந்தால் பதிவைக் கைப்பற்றச் சொல்லியும் எழுதுங்கள். நாள் போனால் பழைய பதிவு அழிந்துவிடும்.

பிரிவுகளையும் கவனியுங்கள். பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3) என்று ஆபாசமாகத் திட்டியது, காயம், மிரட்டல் அளவிலேயே எஃப்.ஐ.ஆரை முடித்துவிடுவது உண்டு. உங்கள் தம்பிக்கு எலும்பு முறிந்திருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது கொடுங்காயம். இரும்புக் கம்பியால் அடித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 118(2) கேளுங்கள். அதோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதி சொல்லி இழிவுபடுத்தியதற்கு 3(1)(ஆர்), 3(1)(எஸ்), கொடுங்காயத்துக்கு 3(2)(வி) சேர வேண்டும். பத்து வருடமோ அதற்கு மேலோ சிறை தரக்கூடிய குற்றத்துக்குத்தான் 3(2)(வி) பொருந்தும் என்பதால், 118(2) வராமல் போனால் அதுவும் நிற்காது. அதனால்தான் எக்ஸ்ரேயும் காயச் சான்றும் இவ்வளவு முக்கியம்.

‘முதலில் விசாரித்துவிட்டுத்தான் போடுவோம்’ என்றால், 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரணை தேவையில்லை. கைதுக்கு மேலதிகாரி அனுமதியும் தேவையில்லை. 2020-ல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அப்படியும் பதிவு செய்யாவிட்டால், புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள், மேலூர் டி.எஸ்.பி.க்கு ஒரு நகல். அதற்கும் அசையாவிட்டால், தபால் ரசீதையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து நீதிமன்றத்தில் மனு போடலாம். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் கட்டணமில்லை. வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை உண்டு. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், மனுவில் ஒரு வரியாக எழுதினால் போதும்.

எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது. குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் வர வேண்டும். நிவாரணத் தொகையைக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேளுங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தியதற்கு மட்டும் மத்திய விதிகளில் 1 லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆரில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி. தமிழக அரசு 2021-ல் இந்தத் தொகைகளை உயர்த்தியிருக்கிறது. சாதிச் சான்றும் வங்கிக் கணக்குப் புத்தகமும் தயாராக இருக்கட்டும். தம்பியின் சான்றில் ‘கிறிஸ்தவர்’ என்றிருந்தால் மட்டும், புகாருக்கு முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. கொடுங்காய வழக்கு மட்டுமே நிற்கும். இது அநியாயம்தான், ஆனால் இன்றைய சட்டநிலை அதுதான்.

இன்னும் ஒன்று. அவர்களும் உங்கள் தம்பி மேல் எதிர்ப்புகார் கொடுக்கக்கூடும். அதற்குப் பயந்து உங்கள் புகாரைத் திரும்ப வாங்காதீர்கள். தம்பி அன்று எங்கிருந்து எங்கே போனான், யார் பார்த்தார்கள் என்று இப்போதே தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். அவர்கள் ஜாமீன் கேட்கும்போது உங்களுக்கு முன்கூட்டியே தகவல் வர வேண்டும், உங்கள் ஆட்சேபத்தையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு தரும் உரிமை இது. சரியான முகவரியையும் எப்போதும் எடுக்கும் போன் நம்பரையும் விசாரணை அதிகாரியிடமும் அரசு வக்கீலிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.