டயானாவின் டியாரா யார் பெட்டியில்?

கேள்வி: போன வாரம் டி.வி. செய்தியில் இளவரசி கேத்தரின் முத்து தொங்கும் கிரீடம் ஒன்றை வைத்துக்கொண்டு விருந்துக்கு வந்ததைக் காட்டினார்கள். "இது டயானா போட்டதாச்சே!" என்றார் என் மாமியார். டைவர்ஸ் ஆனதும் அரண்மனை அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் விளக்கினாள். "மருமகளுக்குப் போட்ட நகையைக் கழற்றி வாங்கினால் அது ராஜ வீடா, அடகுக் கடையா?" என்று மாமியாருக்கு ஒரே கோபம். ஆனால் மோதிரத்தை டயானாவே வைத்துக்கொண்டாராம். அவருடைய ஓரகத்தி சாராவோ கிரீடத்தையே வைத்துக்கொண்டாராம். இதெல்லாம் என்ன கணக்கு? இன்னொன்றும் கேட்கிறேன், பெயர் போடாதீர்கள். என் கல்யாணத்தன்று மாமியார் தன் கழுத்திலிருந்த காசுமாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். அது என்னுடையதா, இல்லையா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடகுக் கடையா என்று கேட்டாரே, அது பாதி சரி. அடகுக் கடையில் சீட்டு எழுதித்தான் நகை கை மாறும். லண்டன் அரண்மனையிலும் ஏறக்குறைய அப்படித்தான். எது கொடுத்தது, எது போட்டுக்கொள்ளக் கொடுத்தது என்பது கல்யாணத்தின்போதே தெரிந்துவிடுகிறது. டைவர்ஸ் வரும் நாளில் புதிதாகப் பங்கு பிரிக்க அதிகம் மிச்சம் இருக்காது.

நீங்கள் பார்த்த அந்த முத்துக் கிரீடத்தையே எடுத்துக்கொள்வோம். அதை டியாரா என்பார்கள், முன்தலையில் வைக்கிற அணி. முடிசூட்டு விழாக் கிரீடங்கள் வேறு. அவை லண்டன் டவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. யாருக்கு டைவர்ஸ் ஆனாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. இந்த டியாராவில் வைரம் பதித்த வளைவுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ரிப்பன் கட்டியது போல ஒரு வைர முடிச்சு, அதற்குக் கீழே நீர்த்துளி போல ஒரு முத்து. மொத்தம் 19 முத்துகள், தலை அசைந்தால் அவையும் ஆடும். ஐந்தாம் ஜார்ஜின் மனைவி மேரி, தன் பாட்டியிடம் இருந்த ஒரு டியாராவின் மாதிரியில் 1913-இல் கேரார்ட் என்ற லண்டன் நகைக் கடையில் சொல்லிச் செய்தது. மேரி 1953-இல் காலமானதும் பேத்தி எலிசபெத் ராணிக்கு வந்தது. 1981-இல் புது மருமகள் டயானாவுக்கு ராணி அதைக் கொடுத்தார், போட்டுக்கொள்ள. கனம் தாங்காமல் தலை வலிக்கிறது என்று டயானா குறைபட்டதாகச் சொல்வார்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் விவாகரத்து முடிந்தது. டியாரா மாமியாரின் பெட்டிக்குத் திரும்பியது. 2015 டிசம்பரில்தான் கேத்தரின் தலையில் மறுபடி வெளியே வந்தது. முத்துக்கு ஒரு வருஷம் என்று 19 வருஷம் உள்ளே இருந்திருக்கிறது.

ஆக, யாரும் கழற்றி வாங்கவில்லை. இரவல் வாங்கியது திரும்பப் போயிற்று, அவ்வளவுதான்.

சரி, டயானா கல்யாணத்தன்று வைத்திருந்தது இதுதானே என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. 1981 ஜூலை 29 அன்று செயின்ட் பால் தேவாலயத்தில் அவர் தலையில் இருந்தது பிறந்த வீட்டு டியாரா, ஸ்பென்சர் குடும்பத்துச் சொத்து. நடுவில் இதய வடிவம், இரண்டு பக்கமும் பூவும் சுருளுமாகப் போகும். அதுவும் அவருக்குச் சொந்தமில்லை! அக்காக்கள் கல்யாணத்துக்கும் அதே டியாராதான். 1989-இல் தம்பி சார்ல்ஸ் ஸ்பென்சர் மணமுடித்தபோது மணப்பெண் அதையே அணிந்தார். அந்தத் திருமணம் 1997-இல் முறிந்தது. டியாரா ஸ்பென்சர் வீட்டிலேயே இருந்துவிட்டது. 2018-இல் டயானாவின் அக்கா மகள் கல்யாணத்துக்கு மறுபடி வெளியே வந்தது. பிறந்த வீட்டிலும் அதே சட்டம்தான் என்று பாருங்கள். இதைப் பற்றி யாரும் அரண்மனையைத் திட்டுவது போல ஸ்பென்சர் குடும்பத்தைத் திட்டி நான் கேட்டதில்லை.

மோதிரக் கதை வேறு. இலங்கையில் எடுத்த 12 காரட் நீலக்கல், சுற்றிலும் 14 வைரம். இதுவும் கேரார்ட் கடைதான், ஆனால் பரம்பரைப் பொருள் இல்லை. கடையில் இருந்த மாதிரி, பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். அதனாலேயே ராஜ வீட்டு மருமகளுக்குக் கடை மோதிரமா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. கடைசியில் அதுதான் அவருக்கே சொந்தமாக நின்றது. நிச்சயதார்த்த மோதிரம் என்பது நிபந்தனை இல்லாத பரிசு என்றே இங்கிலாந்தில் 1970-இல் வந்த சட்டம் கருதுகிறது. கல்யாணம் நடக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பேசிக் கொடுத்திருந்தால் ஒழிய, அது பெண்ணுடையதுதான். 2010-இல் கென்யாவில் டயானாவின் மூத்த மகன் வில்லியம் அதே மோதிரத்தைக் கேத்தரினுக்குப் போட்டார். தன் நகைகள் மகன்களின் மனைவிமார்களுக்குப் போக வேண்டும் என்று 1993-இலேயே, உயில் எழுதிய கையோடு, டயானா தனியாக எழுதி வைத்திருந்தார். அப்போது பெரிய பையனுக்குப் பத்து, பதினொரு வயதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1911 டெல்லி தர்பாருக்கு மேரி வந்தபோது இந்தியப் பெண்களின் பேரில் மரகதமும் வைரமுமாக நகைகள் கொடுத்தார்கள். அந்த மரகதத்தில் ஓர் அட்டிகை உண்டு. ராணி அதை டயானாவிடம் கொடுத்தார். 1985-இல் மெல்போர்னில் ஒரு நடனத்துக்கு டயானா அந்த அட்டிகையைக் கழுத்தில் போடவில்லை, நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய் ஆடினார். அரண்மனைப் பெரியவர்கள் எப்படி மூச்சுவிட்டார்களோ! விவாகரத்துக்குப் பிறகும் அது அவரிடமே இருந்தது. 1997 ஜூலை 1, அவருடைய 36-வது பிறந்த நாள், டேட் கலைக்கூட விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். அதுவே கடைசிப் பிறந்த நாள். அவர் மறைந்த பிறகு அட்டிகை அரண்மனைக்குத் திரும்பியது, 2022 டிசம்பரில் பாஸ்டன் நகரில் கேத்தரின் கழுத்தில் பார்த்தோம். கொடுத்ததுமில்லை, வெறும் இரவலுமில்லை. நம் ஊரில் "அவ இருக்கிற வரைக்கும் அவளே அனுபவிக்கட்டும்" என்பார்களே, அந்த வகை.

அப்புறம் சாரா. 1986-இல் ராணியின் இன்னொரு மகன் ஆண்ட்ரூவை மணந்தபோது ராணியும் கணவர் பிலிப்பும் அவருக்காகவே கேரார்டில் புதிதாக ஒரு டியாரா வாங்கினார்கள். பாட்டி சொத்து இல்லை, அரண்மனை நகைப் பட்டியலில் ஏறியதும் இல்லை. கல்யாணப் பரிசு. அவர்களுக்கும் 1996-இல்தான் விவாகரத்து, டயானாவுக்குச் சில மாதம் முன்பு. டியாரா சாராவிடமே தங்கிவிட்டது. ஒரே மாமியார், ஒரே வருஷம், இரண்டு மருமகள்கள். உங்கள் மகளுக்குப் புரியாத கணக்கு இதுதான்: பழைய பெட்டியிலிருந்து எடுத்ததா, புதுசாக வாங்கியதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது? விக்டோரியா ராணி பட்ட சூட்டிலிருந்து வந்தது என்பேன். 1837-இல் அவர் பட்டத்துக்கு வந்தபோது, அதுவரை பிரிட்டிஷ் அரசர்களே ஆண்ட ஹானோவர் என்ற ஜெர்மன் நாடு, அங்கே பெண் ஆள முடியாது என்ற வழக்கத்தால், சித்தப்பா எர்ன்ஸ்ட் அகஸ்டஸுக்குப் போனது. பாட்டி சார்லட்டின் நகைகளும் ஹானோவருக்கே சேர வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். விக்டோரியா கொடுக்கவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். இருபது வருஷம் இழுத்தது. சித்தப்பா இறந்து அவர் மகன் காலத்தில், 1857-இல், தீர்ப்பு ஹானோவர் பக்கம். உலகத்தில் பாதியை ஆண்ட ராணி, பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். போன மாலைக்கு ஈடாக 1858-இல் புதிதாக வைர மாலை செய்துகொண்டார். அதன் பிறகு, எது தன் சொந்தம், எது அரசுக்கு நிரந்தரமாகச் சேர வேண்டியது என்று உயிலிலேயே பிரித்து எழுதி வைத்துவிட்டார்.

மற்ற ராஜ வீடுகளும் ஒவ்வொரு வழி வைத்திருக்கின்றன. ஸ்பெயினில் விக்டோரியா யூஜினி ராணி தன் சிறந்த நகைகளைப் பட்டியலிட்டு, அரசராக இருப்பவரின் மனைவி மட்டுமே அணிய வேண்டும் என்று எழுதிவைத்தார். 'கைமாறும் நகைகள்' என்றே அவற்றுக்கு அங்கே பெயர். நெதர்லாந்தில் ஜூலியானா ராணி குடும்ப நகைகளை அறக்கட்டளையில் சேர்த்துவிட்டார். இனி யார் வந்தாலும் போனாலும் சொந்தக்காரர் அறக்கட்டளைதான். டென்மார்க்கில் மட்டும் கொஞ்சம் தாராளம். ஹாங்காங்கில் பிறந்த அலெக்சாண்ட்ரா 1995-இல் இளவரசர் யோகிமை மணந்தபோது மார்கரெத்தே ராணி ஒரு பரம்பரை டியாராவையே பரிசாகக் கொடுத்தார். 2005-இல் மணமுறிவு. டியாராவைத் திருப்பிக் கேட்கவில்லை. பழைய பெட்டியிலிருந்து எடுத்தாலும், கொடுத்தால் கொடுத்ததுதான் என்று நின்ற மாமியாரும் உண்டு என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இப்படி ஒரு பட்டியலும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பதில் லண்டனில் இல்லை, பரோடாவில் இருக்கிறது. சீதா தேவி சென்னையில் பிறந்தவர், பிட்டாபுரம் அரச குடும்பத்துப் பெண். 1943-இல் சென்னைக் குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட் அவரைப் பார்த்தார். இரண்டு பேருமே ஏற்கெனவே மணமானவர்கள். வக்கீல்கள் வழி கண்டுபிடித்தார்கள், கல்யாணமும் நடந்தது. அப்புறம் மான்டி கார்லோவில் வீடு. பரோடா கருவூலத்திலிருந்து முத்து வடங்களும் வைரங்களும் ஒவ்வொன்றாக அங்கே போயின. 'தென் நட்சத்திரம்' என்ற 128 காரட் வைரம் அந்தக் கருவூலத்துடையது. லட்சக்கணக்கான சிறு முத்துகளைத் தைத்துச் செய்த கம்பளமும் அங்கே போய்ச் சேர்ந்தது. இந்தியாவோடு பரோடா இணைந்த பிறகு அரசாங்கத் தணிக்கையாளர்கள் கருவூலத்தைத் திறந்து கணக்குப் பார்த்தார்கள். கொஞ்சம் திரும்பியது, நிறைய திரும்பவில்லை. 1951-இல் மகாராஜா பட்டத்தை இழந்தார், 1956-இல் விவாகரத்து. நகைகளில் பெரும்பகுதி சீதா தேவியிடமே இருந்தது. சமஸ்தானத்துடையதா, மகாராஜாவுடையதா, மனைவிக்குக் கொடுத்ததா? பிரித்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

அவர் விற்ற ஒரு ஜோடிக் கொலுசைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மரகதமும் வைரமும் பதித்தது. 1953-இல் நியூயார்க் வியாபாரி ஹாரி வின்ஸ்டன் அதை வாங்கிப் பிரித்துக் கழுத்து மாலையாக்கினார். அதை வாங்கியவர் வின்ட்சர் சீமாட்டி, அதாவது யாருக்காக எட்டாம் எட்வர்ட் முடி துறந்தாரோ அந்த வாலிஸ் சிம்சன். 1957-இல் நியூயார்க்கில் ஒரு நடன விருந்தில் எல்லாரும் அந்த மாலையைப் புகழ, சீதா தேவியும் அங்கே இருந்தார். இதே கல் என் காலிலும் நன்றாகத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை விட்டார். சீமாட்டி மாலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கம்பளம் 2009-இல் தோகாவில் 55 லட்சம் டாலர் அளவுக்கு ஏலம் போனது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1989-இல், சீதா தேவி பாரிஸில் காலமாகிவிட்டார்.

இனி உங்கள் காசுமாலை. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த நகை, பிறந்த வீடு கொடுத்தாலும் புகுந்த வீடு கொடுத்தாலும், அவளுடைய சீதனம். கணவருக்குக் கூட அதில் பங்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் கேள்வி அதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது: உங்கள் மாமியார் கொடுத்தாரா, அன்றைக்குப் போட்டுக்கொள் என்றாரா? இதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, வக்கீலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். அலுவல் போலக் கேட்காதீர்கள். நல்ல நாள் ஒன்றில் மாலையை எடுத்துக் கழுவித் துடைத்து அவர் மடியில் வைத்து, "இதை உங்க பேத்திக்கு வைக்கலாமா, உங்க மனசுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். உங்கள் கணவரும் நாத்தனாரும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, நகைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.