இஸ்தான்புல் எவ்வளவு குலுங்கும்? நிலநடுக்க ஆட்டத்தைக் கணினியில் கணக்கிடுபவருடன் கேள்வி பதில்

கேள்வி: இஸ்தான்புல்லுக்குப் பெரிய நிலநடுக்கம் வரும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

துருக்கியின் வடக்கே நீளும் நிலப்பிளவான வட அனத்தோலியப் பிளவின் வரலாற்றை வைத்துத்தான். 1939-ல் கிழக்குத் துருக்கியின் எர்சின்ஜானில் உடைந்த அந்தப் பிளவு, துண்டு துண்டாக மேற்கே உடைந்துகொண்டே வந்து, 1999 ஆகஸ்ட் 17-ல் இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே உள்ள இஸ்மித்தை எட்டியது. மேற்குக் கோடியில் கானோஸ் துண்டு 1912-லேயே உடைந்துவிட்டது. நடுவில் மர்மரா கடலுக்கடியில் இருப்பது மட்டும் 1766-க்குப் பிறகு பெரிதாக உடையவில்லை. அங்கே நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நகர்கின்றன. பிளவு நழுவாமல் முழுக்கப் பூட்டிக் கிடந்தால் 250 ஆண்டுகளில் 5 மீட்டர் நழுவல் பாக்கி. ஆனால் முழுக்கப் பூட்டிக் கிடக்கவில்லை. இஸ்தான்புல்லுக்கு அருகே பிரின்சஸ் தீவுகளை ஒட்டிய துண்டு இறுகியிருக்கிறது, மேற்கே சில இடங்கள் மெதுவாக நழுவுகின்றன.

கேள்வி: சரி, நிலநடுக்க அளவு 7.2 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணே ஆட்டத்தைச் சொல்லிவிடாதா?

சொல்லாது. உடைப்பு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது முக்கியம். உடைப்பு, அதிர்வலைகளைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் ஓடுவதால், அது போகும் திசையில் இருக்கும் ஊருக்கு அலைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரே அடியாக வந்து விழும். 1992-ல் கலிபோர்னியாவின் லேண்டர்ஸில் உடைப்பு வடக்கே ஓடியது. அந்தப் பக்கம் லூசர்னில் குறுகிய, பலத்த அடி. பின்னால் இருந்த ஜோஷுவா ட்ரீயில் ஆட்டம் வலுக் குறைந்து, நெடுநேரம் நீடித்தது. மர்மராவிலும் மேற்கே தொடங்கிக் கிழக்கே ஓடினால் இஸ்தான்புல்லுக்குத்தான் கெட்ட செய்தி.

கேள்வி: கணினியில் இதை எப்படிப் போடுகிறீர்கள்?

பிளவின் தளத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் எப்போது, எவ்வளவு நழுவும் என்று கொடுப்போம். நழுவல் சீராக இருக்காது. பழைய நிலநடுக்கங்களைப் பார்த்தால், சராசரியைவிட மிக அதிகமாக நழுவும் திட்டுகள் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். நொடிக்கு ஒரு முறைக்குக் குறைவான மெதுவான அலைகளை இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டே கணக்கிடலாம். வேகமான அலைகளுக்கு நிலத்தடி விவரம் போதாது. அதனால் புள்ளியியல் முறையில் உருவாக்கியோ, அதே இடத்துச் சிறு நடுக்கங்களின் பதிவுகளைக் கூட்டியோ சேர்ப்போம். பிறகு மண்ணின் கணக்கு.

கேள்வி: மண் அவ்வளவு முக்கியமா அண்ணா?

1999-ல் அவ்ஜிலார் என்ன ஆனது என்று பாருங்கள். நிலநடுக்க மையத்திலிருந்து கிட்டத்தட்ட 100 கி.மீ. தள்ளி, இஸ்தான்புல்லின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், கெட்டிப் பாறைமேல் இருந்த பேட்டைகள் தப்பின. மென்மையான படிவுகள்மேல் உட்கார்ந்திருந்த அவ்ஜிலாரில் கட்டடங்கள் சரிந்தன. கட்டுமானமும் மோசம்தான், மண்ணை மட்டும் பழி சொல்ல முடியாது.

கேள்வி: 62 சதவீதம் என்று ஒரு எண் சுற்றுகிறதே?

2000-ல் வந்த ஆய்வின் எண் அது. அப்போதிலிருந்து 30 ஆண்டுகளில் இஸ்தான்புல்லில் பலத்த ஆட்டம் வரும் வாய்ப்பு 62, கூடவோ குறையவோ 15. அந்தப் பதினைந்தை யாரும் பகிர்வதில்லை!

கேள்வி: உயரமான கட்டடத்துக்கு ஆபத்தா, சின்னதுக்கா?

கட்டடம் ஒருமுறை அசைந்து திரும்ப, தோராயமாக மாடிக்கு 0.1 நொடி என்று வையுங்கள். இருபது மாடி 2 நொடிக்கு ஒருமுறை அசையும், அதைத் தாக்குவது மெதுவான அலை. மெதுவான அலைக்கு எங்கள் கணக்கு ஓரளவு உறுதி. மூன்று, நான்கு மாடி வீட்டைத் தாக்குவது வேகமான அலை. அங்கே நழுவலையும் தொடக்கப் புள்ளியையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, கிடைக்கும் குறைந்தபட்சம் முதல் அதிகபட்சம் வரையான வீச்சைத்தான் பொறியாளரிடம் கொடுப்போம். ஒரே எண் கேட்டு வருபவருக்கு என்னிடம் பதில் இல்லை.