சாவி யார் கையில இருக்குது? சிறுதொழிலுக்கான ஆன்லைன் மென்பொருள்: கேள்வி பதில்

பெருந்துறையில இருந்துட்டு, சுத்துவட்டாரத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு பில்லிங், ஸ்டாக், வெப்சைட் வேலை பாக்கறேனுங்க. 18 வருஷம் ஆச்சு. கேட்டவங்க பேர் போடாம ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கேன்.

சென்னிமலை, பெட்ஷீட் வியாபாரம்: அண்ணா, எங்களுக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்த பையன் இப்ப போனே எடுக்கறதில்லீங்க. டொமைன் (வெப்சைட் முகவரிப் பேர்) அடுத்த மாசம் முடியுது. புதுப்பிக்கச் சொல்லி மெயில் அவனுக்குத்தான் போகுதாம். என்ன பண்றது?

மொதல்ல டொமைன் எந்த ரெஜிஸ்ட்ராருகிட்ட (டொமைன் பதிஞ்சு தர்ற கம்பெனி) இருக்குதுன்னு கண்டுபிடிங்க அம்மணி. ஹூயிஸ்ங்கற டொமைன் பதிவுத் தேடல்ல பார்த்தா ரெஜிஸ்ட்ரார் பேரும் முடியற தேதியும் வந்துரும். அப்புறமேலுக்கு அந்தப் பையன் வீட்டுக்கே நேர்ல போங்க. சண்டை வேண்டாம். பாக்கி ஏதாச்சும் இருந்தா குடுத்துட்டு, அங்கயே உக்காந்து டொமைனை உங்க கணக்குக்கு மாத்திட்டு வாங்க. பாஸ்வேர்டை மட்டும் வாங்கிட்டு வந்தாப் பத்தாது. கணக்குல இருக்கற மெயிலும் போன் நம்பரும் உங்களுதா மாறணும். அவன் ஆள் சிக்கலைன்னா, பணம் கட்டுன ரசீது, ஜி.எஸ்.டி. சான்று இதையெல்லாம் வெச்சு ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்க. டாட் காம் டொமைன்னா, முடிஞ்சு அழிச்ச பின்னாலயும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. ஆனா அதுக்குக் கட்டணம் எச்சு. அதுவரைக்கும் விடாதீங்க.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்குது. என்ற மச்சான் காங்கயத்துப் பக்கம் தேங்காய் எண்ணெய் செக்கு வெச்சிருக்கார். வெப்சைட் பண்ணுனவங்க டொமைனை அவங்க மெயில்லயே வாங்கிட்டாங்க. கடையை மூடிட்டுப் போனவங்க புதுப்பிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வேற யாரோ அந்தப் பேரை வாங்கிட்டாங்க. பாட்டில்ல ஒட்டற ஸ்டிக்கர்ல அந்த முகவரி அச்சடிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஆகற மாதிரி வாங்கி வெச்சிருந்தாங்க. அக்கா திண்ணையில உக்காந்து ஒவ்வொரு ஸ்டிக்கர்லயும் அந்த ஒத்தை வரி மேல வெள்ளை டேப்பு ஒட்டிட்டு இருந்தது. அதைப் பார்த்த நாள்ல இருந்து, யாருக்கு வேலை பார்த்தாலும் டொமைனை ஓனர் மெயில்ல, ஓனர் கார்டுல, ஓனரைப் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் வாங்கறேன். ஹோஸ்டிங்கும் (வெப்சைட் ஃபைலை வெக்கற இடம்) அப்படித்தான். கூகுள் மேப்ல வர்ற கடைப் பதிவுக்கும் உரிமையாளர் நீங்கதான் இருக்கணும். பண்ணித் தர்றவங்களுக்கு மேனேஜர் அனுமதி போதும்.

திருப்பூர், 14 மெஷின் பவர் டேபிள் (தையல் யூனிட்): ஏனுங்க, மாசம் பணம் கட்டற இ.ஆர்.பி. (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஒண்ணாப் பாக்கற மென்பொருள்) ஒண்ணு வாங்கச் சொல்லி ஆளுக வர்றாங்க. எங்களுக்கு அது வேணுங்களா?

இப்போதைக்கு வேண்டாமுங்க. 14 மெஷினுக்கு கூகுள் ஷீட் தாராளம். தேதி, பார்ட்டி, டி.சி. (டெலிவரி சலான்) நம்பர், லாட், கலர், சைஸ், வந்த பீஸ், போன பீஸ், டேமேஜ். மேலிருந்து கீழ போற பத்தி (காலம்) இவ்வளவு போதும். டெய்லர் பேரும் பீஸ் ரேட்டும் ரெண்டாவது தாள்ல. சனிக்கிழமை சம்பளம் போடறப்ப ஒரு ஃபார்முலாவுல கூட்டி வந்துரும். செக்கிங் மேஜைல இருக்கற பொண்ணு போன்லயே பதியறதுக்கு கூகுள் ஃபார்ம் ஒண்ணு போட்டுக் குடுங்க. அப்பப் பழைய வரியை யாரும் தெரியாம அழிக்க மாட்டாங்க. அப்படியே அழிஞ்சாலும் வெர்ஷன் ஹிஸ்டரியில போய் முந்தின நாள் கணக்கைத் திருப்பிக்கலாம். ஷீட்டை சூப்பர்வைசர் மெயில்ல ஆரம்பிக்காதீங்க, உங்க மெயில்ல ஆரம்பிங்க.

டி.சி. தேதியை மட்டும் விட்டுறாதீங்க. ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குத் தெச்சுத் தர்றதுக்கு) அனுப்புன துணி ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிப் போகணும்னு ஜி.எஸ்.டி. சட்டத்துல இருக்குது. போகலைன்னா அனுப்புன தேதியிலயே வித்த மாதிரி எடுத்துக்குவாங்க. வரி அனுப்புன கம்பெனி தலையில விழும். அடுத்த ஆர்டர் உங்களுக்கு வராது. 300 நாள் தாண்டுன வரி செவப்பாகற மாதிரி ஷீட்டுலயே வெச்சுக்கலாம்.

மூணு யூனிட்டாகி, நீங்களே துணி வாங்கி நிட்டிங், டையிங்னு வெளிய அனுப்ப ஆரம்பிச்சா, அப்ப இ.ஆர்.பி. பத்திப் பேசலாம்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: ஆன்லைன் பில்லிங்ல இருந்து எடுத்த ஃபைலை எக்ஸெல்ல திறந்தா, பார்ட்டி பேர் பூரா கோழி கிறுக்குன மாதிரி வருதுங்க. எச்.எஸ்.என். நம்பரும் (ஜி.எஸ்.டி.யில சரக்கு வகைக்குக் குடுத்த நம்பர்) தப்பா இருக்குதுன்னு ஆடிட்டர் சத்தம் போடறார்.

உங்க மென்பொருள் மேல தப்பில்லீங்க. சி.எஸ்.வி. ஃபைலை (காமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் பண்ணித் திறந்ததுதான் வினை. மஞ்சளுக்கு எச்.எஸ்.என். 0910. எக்ஸெல் அதை நம்பர்னு நெனச்சு முன்னாடி இருக்கற பூஜ்யத்தைத் தின்னுட்டு 910னு காட்டுது. இ-வே பில் (சரக்கு அனுப்பறப்ப ஆன்லைன்ல எடுக்கற சீட்டு) நம்பர் 12 இலக்கம், அதையும் சுருக்கி நடுவுல ஒரு 'இ' போட்டுக் காட்டும். அப்படியே சேவ் பண்ணிட்டீங்கன்னா பழைய நம்பர் திரும்பாது.

எக்ஸெல்ல காலித் தாளைத் திறந்து, டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து எடுக்கற வழியில போங்க. எழுத்து வகைக்கு யூ.டி.எஃப்-8 (தமிழ் எழுத்தைச் சரியாப் படிக்கற முறை) குடுங்க, எச்.எஸ்.என்.னும் இ-வே பில்லும் இருக்கற பத்தியை டெக்ஸ்ட்னு மாத்துங்க. விரலி, கிழங்குன்னு தமிழ்ல போட்டதெல்லாம் பளிச்சுன்னு வரும்.

கோவை, பீளமேடு, வெப் டெவலப்பர்: அண்ணா, தமிழ்ல இன்வாய்ஸ் பி.டி.எஃப். எடுத்தா கொம்பு இடம் மாறி விழுது. பிரவுசர்ல சரியா இருக்குது. ரெண்டு ஃபான்ட் மாத்திப் பார்த்துட்டேன்.

ஃபான்ட் மாத்துனா சரியாகாது தம்பி. நாம 'கெ'ன்னு எழுதறப்ப கொம்பை முன்னாடி போடறோம். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கம்ப்யூட்டர் குறியீடு) உள்ள சேமிக்கறப்ப மொதல்ல 'க', அப்புறம்தான் கொம்பு. 'கொ' வந்தா ஒரே குறியீடு ரெண்டாப் பிரிஞ்சு, எழுத்துக்கு முன்னால பாதி, பின்னால பாதி நிக்கணும். இப்படி இடம் மாத்தி அடுக்கற வேலைக்கு ஷேப்பிங்னு பேர். குரோம்ல அதை ஹார்ஃப்பஸ்ங்கற லைப்ரரி பண்ணுது. ஜேஎஸ்பிடிஎஃப் மாதிரிச் சின்ன லைப்ரரி எழுத்தை வந்த வரிசையில அப்படியே வரைஞ்சுட்டுப் போயிரும். அதனாலதான் கொம்பு பின்னால போய் விழுது.

நான் பண்றதைச் சொல்றேன். இன்வாய்ஸை எச்.டி.எம்.எல். பக்கமா எழுதிருவேன். சர்வர்ல பப்பட்டியர்ங்கற டூல் வெச்சு குரோமை ஜன்னல் இல்லாம ஓட்டி, அதையே பி.டி.எஃப்.பா எடுத்துக்குவேன். பி.எச்.பி.தான்னா எம்பிடிஎஃப் பாருங்க, அதுக்கு இந்திய எழுத்தை அடுக்கத் தெரியும். சர்வர்ல நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் போட மறந்துறாதீங்க. உங்க லேப்டாப்ல நல்லா வந்து, சர்வர்ல கட்டம் கட்டமா வந்தா அதுதான் காரணம்.

முடிஞ்சதும் 'கொங்கு', 'கோயம்புத்தூர்', 'சௌந்தர்' மூணையும் அடிச்சுப் பாருங்க. சும்மா 'தமிழ்'னு அடிச்சுப் பார்த்துட்டு சரின்னு விட்டுறக் கூடாது. அதுல கொம்பே இல்லை.

டேட்டாபேஸ் மை எஸ்.க்யூ.எல்.லா இருந்தா யூ.டி.எஃப்.8 எம்.பி.4 வைங்க. தமிழ் எழுத்துக்கு 3 பைட், பழைய யூ.டி.எஃப்.8லயும் அடங்கிரும். கஸ்டமர் பேருக்குப் பக்கத்துல ஒரு எமோஜி போட்டா அதுக்கு 4 பைட் வேணும். அன்னைக்குத்தான் எர்ரர் வரும்.

கோபி, ஜவுளிக்கடை: நோம்பிக்குத் தமிழ்ல எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். சின்ன மெசேஜ்தான், ஒண்ணுக்கு மூணு மடங்கு காசு புடிச்சுட்டாங்க. ஏமாத்தறாங்களா?

இல்லீங்க. இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான். அந்த 70லயும் மெய்யெழுத்துப் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். 'கோயம்புத்தூர்' நம்ம கண்ணுக்கு 7 எழுத்து, மெசேஜ் கணக்குல 13. ஊர் பேர், கடை பேர் போட்டாலே பாதி போயிரும். டி.எல்.டி.யில (வியாபார எஸ்.எம்.எஸ். மாதிரியைப் பதியற தளம்) டெம்ப்ளேட் பதியறதுக்கு முன்னாடியே எண்ணிப் பார்த்து, 70க்குள்ள சுருக்கிப் பதியுங்க.

கரூர், ஹோம் டெக்ஸ்டைல்: போன வருஷம் டர்ன்ஓவர் 4 கோடிக்கு எறங்கிருச்சு. இ-இன்வாய்ஸை (அரசு போர்ட்டல்ல பதியற பில்) நிறுத்திரலாங்களா?

நிறுத்தாதீங்க. 2017-18ல இருந்து ஏதாவது ஒரு நிதியாண்டுல 5 கோடி தாண்டியிருந்தா, 2023 ஆகஸ்ட் 1ல இருந்து உங்களுக்குக் கட்டாயம். இப்பக் குறைஞ்சதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க.

பல்லடம், தீவனக் கடை: பணம் போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டிட்டு மூட்டையை ஏத்திட்டுப் போறாங்க. பின்னால பார்த்தா வரவு இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே நம்பாதீங்க. உங்க பேங்க் ஆப்ல வரவு தெரிஞ்சா மட்டும் மூட்டை ஏறட்டும்.

உடுமலை, அச்சகம்: 20 வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, பாமினி ஃபான்ட்ல இருக்குது. வெப்சைட்ல போட்டா இங்கிலீஷ் எழுத்தா வருது.

அது உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்தேதானுங்க. பாமினியில 'தமிழ்'னு தெரியறது, உள்ள ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஃபான்ட் அது மேல தமிழ் முகமூடி போட்டுது. யூனிகோடுக்கு மாத்தற கருவி ஆன்லைன்லயே இருக்குது, ஒட்டுனா மாத்திக் குடுத்துரும். ஆனா போன் நம்பரும் இங்கிலீஷ் பேரும் இருக்கற வரியைச் சேர்த்து ஒட்டாதீங்க, அதுவும் தமிழா மாறிக் குழம்பிரும். 20 வருஷ வேலை அது. பழைய ஃபைலை அழிக்காம தனி ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்க.

திருச்செங்கோடு, ரிக் (போர்வெல் வண்டி) ஆபீஸ்: வண்டி வடநாட்டுல ஓடுது, கணக்கு இங்க. ஆன்லைன் கணக்கு மென்பொருள் எடுக்கலாம்னு இருக்கோம். எதை எடுக்கறது?

பேர் சொல்றது முக்கியமில்லீங்க. டேலியோ, சோகோ புக்ஸோ, உங்க ஆடிட்டர் கை பழகுனதை எடுங்க. விக்க வர்றவர்கிட்ட ஒரே ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. டெமோவுல நாலு டீசல் பில், ரெண்டு டிரில் பிட் பில், ஒரு டிரில்லர் அட்வான்ஸ் போட்டுட்டு, "இதையெல்லாம் மொத்தமா வெளிய எடுத்து என் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க"ன்னு கேளுங்க. ரெண்டு நிமிஷத்துல குடுத்தா எடுங்க. "அதுக்கு ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்"னு சொன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க. எடுத்த பின்னால, மாசம் ஒண்ணாந்தேதி ஆபீஸ் பொண்ணு அதே பென்டிரைவ்ல அதே எக்ஸ்போர்ட்டை எடுத்து உங்க பீரோவுல வெக்கணும். ஜி.எஸ்.டி. கணக்கை வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். அத்தனை நாள் அந்த மென்பொருள் கம்பெனி இருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது, உங்க பீரோ இருக்கும்.