புல்லட்டில் ‘டிக் டிக்’ சத்தம்: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா வைத்திருந்த 1974 மாடல் புல்லட் 350-ஐ இப்போது நான் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக வலது பக்கத்தில் டிக் டிக் என்று சத்தம். கேம் போய்விட்டது, எஞ்சினை இறக்கி ஹெட்டைப் பிரித்தால்தான் சரியாகத் தெரியும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். இன்னொருவர், ராணுவ ஏலத்தில் எடுத்த முழு எஞ்சின் இருக்கிறது, மாற்றிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?”

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

கேம் என்பது வால்வுகளைத் திறக்க வைக்கும், மேடு உள்ள சுழலும் பாகம். அது தேய்ந்திருக்கலாம், தேயாமலும் இருக்கலாம். அதைப் பார்ப்பதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை, சிலிண்டரின் உச்சியில் வால்வுகளோடு இருக்கும் ஹெட்டில் கை வைக்க வேண்டியதும் இல்லை. உங்கள் புல்லட்டில் இரண்டு கேம்களும் வலது பக்க டைமிங் கவருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கவரைக் கழற்றினால் கண்ணெதிரே நிற்கும். “பிரித்தால்தான் தெரியும்” என்று ஹெட்டைக் காட்டிச் சொல்கிறவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை பில்லை நீட்டச் சொல்கிறார்.

கவருக்குப் போகும் முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். கேமின் மேடு டேப்பெட்டைத் தூக்க, அது புஷ் ராடு என்ற கம்பியைத் தூக்க, மேலே ராக்கர் அசைந்து வால்வை அமுக்கித் திறக்கிறது. இந்த வரிசையில் எங்கே இடைவெளி விழுந்தாலும் டிக் சத்தம் வரும். அதனால் சத்தத்தை வைத்து மட்டும் ‘கேம்’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும்; அங்கே கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். பிறகு ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை மேலே ராக்கர் கவரிலும் கீழே டைமிங் கவரிலும் மாற்றி மாற்றித் தொட்டுக் கேளுங்கள். மேலே பலமாகக் கேட்டால் ராக்கர் பிளாக்கின் போல்ட்டுகளை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த பிளாக் இரண்டு பாதியாக வரும், இரண்டும் ஜோடி. ஒன்றின் பாதியை இன்னொன்றோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது செட்டிங், அதாவது இந்த இடைவெளியைச் சரியாக வைப்பது. சிலிண்டரின் வலது பக்கத்தில் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பக்கமும் அட்ஜஸ்டரும் தெரியும். பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சிக்கு வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், ராடை விரலால் சுழற்றினால் லேசாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறிவிடும்.

இதை எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பார்ப்பது உத்தமம். நம் ஊர் ஒர்க் ஷாப்புகளில் இது நடக்கவே நடக்காது. வாடிக்கையாளர் ஓசூர் ரோடு டிராஃபிக்கில் கொதிக்கக் கொதிக்க ஓட்டி வருவார், பையன் உடனே ஸ்பேனரை எடுப்பான், சத்தம் அடங்கும்வரை இறுக்குவான், நூறு ரூபாய் வாங்குவான். வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. சத்தமில்லாத டேப்பெட்தான் நல்ல டேப்பெட் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! அப்படி இறுக்கியதில் வால்வு முழுதாக மூடாமல் போனால், மூடியிருக்கும் நேரத்தில் தான் உட்காரும் வளையமான சீட்டுக்குக் கடத்த வேண்டிய சூட்டைக் கடத்த முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் எரிந்துவிடும். அப்போது நிஜமாகவே ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். பழைய புல்லட்டில் கொஞ்சம் டிக் டிக் கேட்பது நோயே அல்ல.

செட்டிங் சரி செய்ததும் சத்தம் அடங்கிவிட்டால் செலவு அதோடு முடிந்தது. அடங்கி, சில வாரத்தில் திரும்பி வந்தால்தான் யோசிக்க வேண்டும். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். செட் செய்த ராடு மறுபடி மறுபடி தளர்ந்து ஆடினால், எங்கோ இரும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது: கேமின் மேடு, டேப்பெட்டின் அடிப்பாகம், சில சமயம் ராக்கரின் முனை. மாறாக, செட் செய்த ராடு தானாகவே இறுகி விரலுக்குச் சுழல மறுத்தால் கேம் குற்றவாளி அல்ல. வால்வு தன் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் இடைவெளி குறைகிறது. தளர்ந்தால் டைமிங் கவர், இறுகினால் ஹெட். எந்த ராடு, இன்லெட்டா எக்ஸாஸ்டா, எந்தப் பக்கமாக மாறுகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்தால், எந்த மெக்கானிக்கும் உங்களை ஏமாற்ற இரண்டு முறை யோசிப்பார்.

தளர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். கவரிலேயே ஆயில் பம்ப் இருப்பதால் ஆயில் கொட்டும், புது கேஸ்கெட் வேண்டும். கேம் மேட்டில் குழி, உரிந்த தடம், அல்லது கூர்மை போய் மழுங்கிய முனை தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது டேப்பெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய டேப்பெட் புதுக் கேமைச் சீக்கிரமே அரித்துவிடும். பல் சக்கரங்களில் உள்ள அடையாளக் குறிகளைக் கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் முனையில் இருக்கும் சின்னப் பல் சக்கரமான பினியனைக் கழற்றும் அளவுக்குப் போனால், அதன்மேல் இருந்து ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் இடது திருகு, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் கழலும் என்பதை மெக்கானிக்கிடம் நினைவூட்டுங்கள். பலம் காட்டித் திருகை நாசம் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, பாகம் வாங்கும் வேலை. ஜே.சி. ரோடிலும் கலாசிப்பாளையத்திலும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. டப்பா பளபளக்கும், உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பாக இருக்கும். கேமின் மேட்டில் வேண்டாம், டேப்பெட் உரசாத ஓரத்தில் ஒரு மெல்லிய அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கடினப்படுத்திய இரும்பு. கடித்தால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பழைய கேமில் வெல்டிங் வைத்துக் கிரைண்ட் செய்து தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். மேட்டின் வளைவைக் கண் அளவில் கொண்டுவர முடியாது.

ராணுவ ஏல எஞ்சின் என்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய தூண்டில். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், எஞ்சின் நம்பர் கிராங்க்கேஸில்தான் குத்தப்பட்டிருக்கிறது. எஞ்சின் மாறினால் அதைப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்குப் பில் கேட்பார்கள், வண்டியைக் கொண்டுவா என்பார்கள். எல்லாம் ஆன்லைன் என்று அறிவித்துவிட்டுக் கவுன்டரில் மறுபடி ஜெராக்ஸ் கேட்பது அவர்களுக்கே உரிய நகைச்சுவை. கடைசியில் புரோக்கர் வாசலில் நிற்பார். இன்னொன்று: 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது, அதனால் உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. பிற்காலத்தில் தோன்றினால் அந்தக் கதவை இன்றே ஏன் மூட வேண்டும்?

இதையெல்லாம் படித்துவிட்டு ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் டேப்பெட் செட்டிங் கேட்டு எழுத வேண்டாம். மைசூரில் 1996 வரை வந்த அந்த வண்டிகள் டூ ஸ்ட்ரோக். அவற்றில் டேப்பெட்டும் இல்லை, வால்வும் இல்லை. அதற்கும் ‘டேப்பெட் டைட்’ என்று பில் போட்டவர் நம் ஊரில் இருக்கிறார். 2008-க்குப் பிறகு வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூசிஇ புல்லட்டுகளில் ஹைட்ராலிக் டேப்பெட் இருப்பதால் கையால் செட் செய்யும் வேலையே இல்லை.

நீங்கள் நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அந்தச் சின்ன மூடியைக் கழற்றி இரண்டு ராடையும் சுழற்றிப் பாருங்கள். டைமிங் கவரைக் கழற்றும் நாள் வந்தால் கூடவே நில்லுங்கள்; மாற்றிய பழைய கேமையும் டேப்பெட்டையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.