கர்ப்பிணிகளுக்கு ஏன் வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் இரத்தச் சோதனை எடுக்கிறார்கள்? சிபிலிஸ் இப்போதும் இருக்கிறதா?

பாலுறவால் தொற்றும் இந்நோய் இன்னும் இருக்கிறது. இலங்கையில் மிகக் குறைவு, அவ்வளவுதான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எமக்குச் சான்று தந்தது. ஒரு பிள்ளைக்குமே வராது என்பதல்ல அதன் பொருள். ஒரு இலட்சம் பிறப்புக்கு 50க்கு மேல் போகக்கூடாது என்பதுதான் அளவுகோல். அமெரிக்காவைப் பாருங்கள்: தாயிடமிருந்து சிபிலிஸ் தொற்றியவை 2012இல் 335 பிள்ளைகள், 2022இல் 3,700க்கும் மேல். அதில் பத்தில் ஒன்பது, நேரத்துக்குச் சோதித்து ஊசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை.

“எங்களைப் போன்ற குடும்பத்துக்கும் தேவையா” என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. கணவருக்கு வேறு தொடர்பு இருந்தது மனைவிக்குத் தெரியாமலே இருக்கலாம். சிபிலிசில் முதலில் வரும் புண் நோகாது, தானாகவே ஆறிவிடும். பலருடன் உறவு, போதைப்பொருள் பாவனை, முன்பு வந்த பாலியல் நோய், எச்.ஐ.வி. எல்லாம் ஆபத்தைக் கூட்டுவன. ஆனாலும் பிள்ளையைப் பாதிப்பதில் முதலிடம் கிளினிக்குக்குப் பிந்தி வருவதற்குத்தான். வெட்கப்பட்டோ, ஊர் மாறியதாலோ ஏழாம் மாதத்தில் பதிபவர்தான் என் கணிப்பில் கூடிய ஆபத்தில் இருப்பவர்.

12 கிழமைக்கு முன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து இரத்தம் கொடுங்கள். முடிவு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இரத்தம் எடுத்தாயிற்று, முடிவு வந்து சேரவில்லை என்பது சோதிக்காததற்குச் சமம்.

‘பொசிட்டிவ்’ என்றதும் வீட்டில் சண்டை தொடங்க வேண்டாம். லூபஸ் போன்ற நோய்களிலும், சிலவேளை கர்ப்பத்தாலேயே கூட வி.டி.ஆர்.எல். பொய்யாகக் காட்டும், டி.பி.பி.ஏ. போன்ற இன்னொரு சோதனையால் உறுதிப்படுத்துவார்கள். மறுபக்கமும் உண்டு: தொற்றி முதல் சில கிழமைகளில் ‘நெகடிவ்’ வரும். சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

மருந்து பென்சதீன் பெனிசிலின், 24 இலட்சம் அலகு, தசையில். புதிய தொற்றுக்கு ஒரு தடவை. பழையது, அல்லது எப்போது வந்ததென்று தெரியாதது என்றால் கிழமைக்கு ஒன்றாக மூன்று. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தொடங்கியிருந்தால்தான் பிள்ளைக்குப் போதிய வைத்தியம் கிடைத்ததாகக் கணக்கு. எரித்ரோமைசின் என்ற வேறு மருந்து தாயைக் குணமாக்கினாலும் நச்சுக்கொடியைத் தாண்டிப் போதிய அளவு போகாது. அதனால் பெனிசிலின் ஒவ்வாத தாய்க்கும் வைத்தியசாலையில் வைத்து, சிறுகச் சிறுகப் பழக்கி, அதையே கொடுப்பார்கள். முதல் ஊசிக்குப் பின் 24 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல், வயிறு இறுகுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் வந்தால் உடனே போங்கள்.

கணவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் ஊசி வீண், திரும்பத் தொற்றும். இதில்தான் பெரும்பாலும் பிசகுகிறது.

வைத்தியமே இல்லாவிட்டால், புதிய தொற்றுள்ள தாயிடமிருந்து பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போய்விடும். சில வயிற்றிலேயே இறக்கும். உயிரோடு பிறப்பவற்றில் பாதிக்கும் மேல் பார்வைக்குச் சுகமாகவே இருக்கும். மூக்கொழுகல், உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பு, ஈரல் வீக்கம், கையை அசைக்க மறுத்தல் எல்லாம் கிழமைகள் கழித்தும் வரலாம். ஆகவே பிள்ளையின் இரத்தத்தையே எடுத்துச் சோதிப்பார்கள். கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தம் கலந்து குழப்பும். தொற்று உறுதியானால் பத்து நாள் பெனிசிலின் ஊசி. இடையில் ஒரு நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முலையில் புண் இல்லையென்றால் தாய்ப்பால் கொடுக்கலாம்.