படிக்கட்டில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் பலகை: யார் பொறுப்பு?

கேள்வி: இங்கிலாந்தில், 1970களில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் கட்டடத்தில் நீண்டகால லீஸில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். படிக்கட்டருகே மின்மீட்டருக்குப் பின்னால் இருந்த பலகையை எலக்ட்ரீஷியன் ஒருவர் துளையிடும்போது உடைத்துவிட்டார். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்கிறார்கள். கட்டட உரிமையாளர் பராமரிப்பு நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். அவர்களோ "வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் உட்கூரையில் பழைய ஆர்டெக்ஸ் பூச்சும் (சொரசொரப்பான அலங்காரப் பூச்சு) இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நோட்டீஸ் அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இடத்தைப் பெருக்கவோ வாக்குவம் கிளீனர் போடவோ யாரையும் விடாதீர்கள். ஆள் நடமாட்டத்தைத் தடுத்து, உடனே பராமரிப்பு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காப்புப் பலகையாக (வெப்பமும் தீயும் பரவாமல் தடுக்கும் மென்மையான பலகை) இருந்தால், முறிந்த விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் எளிதில் கிளம்பும். அதை அகற்றும் வேலையைப் பெரும்பாலும் உரிமம் பெற்றவர்கள்தான் செய்ய முடியும்.

"நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் சட்டப்படி செல்லாது. 2012ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிமுறைகளில் 4ஆம் விதி, தனிவீட்டின் உட்புறத்துக்குப் பொருந்தாது; ஆனால் படிக்கட்டு, நடைபாதை, லிஃப்ட் குழி போன்ற பொது இடங்களுக்குப் பொருந்தும். ஒப்பந்தத்தின்படி அந்த இடங்களைப் பராமரிக்க வேண்டியவர் யாரோ, அவரே பொறுப்பாளி. அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லையென்றால், இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர். ஆகவே உங்கள் லீஸ் பத்திரத்தில் பழுதுபார்ப்புக் கடமையைச் சொல்லும் பகுதியை எடுத்துப் படியுங்கள். பொதுவாக அங்கே கட்டட உரிமையாளரின் பெயரோ குடியிருப்போர் நிறுவனத்தின் பெயரோ இருக்கும். வேலையைப் பராமரிப்பு நிறுவனம் போன்ற ஏஜெண்டிடம் அவர்கள் ஒப்படைக்கலாம். அதனால் கடமை கைமாறிவிடாது.

அந்தப் பொறுப்பாளி ஆஸ்பெஸ்டாஸ் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். எழுத்தில் ஒரு நிர்வாகத் திட்டமும் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பொருளைத் தொடக்கூடிய எவருக்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான். துளையிடும் முன் எலக்ட்ரீஷியனுக்குப் பதிவேட்டைக் காட்டினார்களா? அவரை அனுப்பிய நிறுவனமும் வேலைக்கு முன் சோதித்தறியக் கடமைப்பட்டதே. பதிவேட்டின் நகலையும் கடைசி ஆய்வு நடந்த தேதியையும் கட்டட உரிமையாளர், பராமரிப்பு நிறுவனம் ஆகிய இரு தரப்பிடமும் மின்னஞ்சலில் கேளுங்கள். மழுப்பினால், பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எச்.எஸ்.இ.யிடம் புகார் செய்யுங்கள்; இந்த விதியை மீறுவது குற்றம்.

செலவு உங்கள் சர்வீஸ் சார்ஜில் (பொது இடங்களின் பராமரிப்புக்கு நீங்கள் கட்டும் பங்கு) வந்து விழலாம். லீஸ் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். தொகை நியாயமானதாகவும் இருக்க வேண்டும். பழுதுவேலைக்கு உங்கள் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், முறைப்படி உங்களைக் கலந்தாலோசித்திருக்க வேண்டும். மற்றவர் கவனக்குறைவால் உடைந்ததற்கு உங்களிடம் பணம் கேட்டால் தயங்காமல் சொத்துத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

ஆர்டெக்ஸ் வேறு விஷயம். ஆஸ்பெஸ்டாஸின் ஒரு வகையான வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் 1999இல்தான் தடை செய்யப்பட்டது. ஆகவே பழைய பூச்சில் அது இருக்கலாம். பூச்சு உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சுரண்டவோ துளையிடவோ வேண்டியிருந்தால் முதலில் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால், வசிக்கத் தகுந்ததாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது.

ஒருமுறை சிறிது நேரம் தூசு பட்டதால் வரும் ஆபத்து பொதுவாகக் குறைவு. ஆனாலும் சம்பவத் தேதியைக் குடும்ப மருத்துவரின் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள், புகைப்படங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். இழப்பீடு கோருவதற்கான மூன்றாண்டுக் காலக்கெடுவை, நோய் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட வாய்ப்புண்டு.